மேற்கே உதிக்கும் சூரியன்

எங்கள் ஊரில் சூரியன் மலைக்குள் போய் விழும். மலையிலிருந்து எழுந்து வந்ததாக யாரும் பார்த்ததில்லை. அம்பாசமுத்திரத்துச் சுற்றுவட்டாரத்தில் எங்கே நின்று பார்த்தாலும் மேற்கே பொதிகை மலை. கிழக்கே வயல், அதற்கு அப்பால் பனை, அதற்கும் அப்பால் வெறும் வானம். காலையில் வாய்க்கால் கரையில் மலையைப் பார்த்து நின்று பல் தேய்த்தால் வெயில் முதுகில் அடிக்கும். இதைத் தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போனால்தான் இது மறந்துபோகும்.

1973-ல் நான் நாலாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு வரை இருந்த உதவி பெறும் பள்ளி அது. டிராயிங் சார் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கென்று வந்தவர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு மட்டும் எங்கள் பக்கம் இறங்கி வருவார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் சிவப்பு மை கசிந்து ஒரு பூ. கரும்பலகை முன்னால் நின்று தோளிலிருந்து கையை ஒரு சுற்றுச் சுற்றினால் முழு வட்டம் விழும். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் எதுவென்று தெரியாது. அந்த வட்டத்துக்காகவே அவரைக் கடவுளுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை தலைப்பு ‘சூரிய உதயம்’. பலகையில் இரண்டு மலை போட்டார். நடுவில் பாதிச் சூரியன். சூரியனுக்கு அடியிலிருந்து ஒரு ஆறு கிளம்பி, அகன்று அகன்று எங்களை நோக்கி வந்தது. கரையில் ஒரு குடிசை, குடிசைக்கு மேல் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலு பறவை. “இதைப் பார்த்துப் போடுங்க. பக்கத்துல உள்ளவனைப் பார்க்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பலகையைப் பார்த்துப் போடுவதற்குப் பெயர் ஓவியம், பக்கத்தில் உள்ளவனைப் பார்த்துப் போடுவதற்குப் பெயர் காப்பி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்றுவரை எனக்குத் துல்லியமாகப் பிடிபடவில்லை.

நான் மலை போடவில்லை. ஒரு பனை, அதற்குப் பின்னால் சூரியன், அவ்வளவுதான். உண்மைக்காகப் போராடினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. எனக்கு மலை சரியாக வராது, அதுதான் விஷயம். இரண்டு மலையும் ஒரே உயரத்தில் வர வேண்டும், எனக்கு ஒன்று எப்போதும் நொண்டும். பனை சுலபம்: இரண்டு கோடு, மேலே ஒரு கிறுக்கல்.

சார் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

“ஏல, மலை எங்கல?”

“காலையில அந்தப் பக்கம் மலை கிடையாது சார்.”

“காப்பி குடிக்கப் போயிருக்கோ?”

வகுப்பு சிரித்தது. அவர் கண் வானத்துக்குப் போனது. பறவை மட்டும் விடாமல் நாலும் போட்டிருந்தேன். அந்தக் காலத்தில் பறவைக்கு ஒரே வடிவம்தான். ரைட்டு மார்க்கை எடுத்து அதன் சின்னக் காலைக் கொஞ்சம் இழுத்துவிட்டால் பறவை. நான் இழுக்க மறந்திருந்தேன்.

“நீயே நாலு ரைட்டு போட்டுக்கிட்டியோ? அப்புறம் எனக்கு என்னல வேல இங்க?”

சிவப்புப் பேனாவை எடுத்து, சூரியனுக்குப் பக்கத்தில், வானத்தின் நட்டநடுவில் 3 என்று எழுதி அடியில் ஒரு கோடு இழுத்து 10 போட்டார். மார்க்கு எங்கே போட வேண்டும் என்று அவர் யோசித்ததே இல்லை. எந்தப் படத்திலும் காலியாக இருக்கும் இடம் வானம்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மார்க்கு எங்கேயும் போய்ச் சேராது. எங்கள் மார்க் அட்டையில் தமிழுக்குக் கட்டம் உண்டு, கணக்குக்கு உண்டு, ஓவியத்துக்குக் கிடையாது. ராங்குக்கு உதவாது, பாஸ் பெயிலுக்கு உதவாது. அந்த வருஷம் கணக்கில் எத்தனை வாங்கினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இந்த மூன்று மட்டும் போகவில்லை.

இப்போது நினைத்தால் டிராயிங் சார் அநியாயக்காரர் இல்லை. அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. பலகையில் இருந்தது நோட்டில் இருந்தால் ஐந்து. கோடு ஒரே இழுப்பாக வந்தால் இரண்டு. ரப்பர் போட்டுத் தாளைக் கறுப்பாக்காமல் இருந்தால் ஒன்று. மீதி இரண்டு கலருக்கு. இந்தக் கடைசி இரண்டில்தான் சமூக நீதி மாட்டிக்கொண்டது. ரைஸ் மில்காரர் மகனிடம் பன்னிரண்டு கலர் கேமல் பெட்டி இருந்தது. எங்களிடம் இருந்தது கோவை இலைச்சாறு, மஞ்சள்பொடி, செங்கல்தூள், அடுப்புக்கரி. கோவை இலை நோட்டில் தேய்த்த உடனே பச்சையாகத்தான் இருக்கும். திங்கட்கிழமை பார்த்தால் சாணி நிறத்துக்கு வந்திருக்கும். அவன் எட்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை. அவன் பெட்டியில் தேய்ந்திருந்தது நீலம் மட்டும்தான், அவ்வளவு வானம் போட்டிருந்தான். சார் ஒருநாள் அவனிடமிருந்து சிவப்பை வாங்கி எனக்குக் கொடுத்தார். சூரியனுக்கு அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வாரம் மட்டும் ஐந்து.

அவருடைய தகுதிகள் அவர் அறைக் கதவுக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கின. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் ஹயர் கிரேடு, மாடல் டிராயிங், ஜியோமெட்ரிகல். இந்தப் பெயர்களைக் கேட்டாலே தெரியும், இதெல்லாம் எங்கிருந்து வந்ததென்று. 1850-ல் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கிய அலெக்ஸாண்டர் ஹண்டர் ஒரு மருத்துவர். நல்ல கைவினைஞர்களை உண்டாக்குவதுதான் அவருடைய நோக்கம். அதே காலத்தில் லண்டன் சவுத் கென்சிங்டனில் ஒரு பாடமுறை உருவானது. படிப்படியாக, கோட்டில் தொடங்கி, வளைவுக்குப் போய், பானைக்குப் போய், பானை நிழலுக்குப் போகிற முறை. தொழிற்சாலைக்கு டிசைன் போட ஆள் வேண்டும், அந்த ஆளுக்குக் கை நடுங்கக் கூடாது. அந்த முறைதான் கப்பலேறி, ரயிலேறி, கடைசியில் மாட்டு வண்டியேறி எங்கள் நாலாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தது. அதனால்தான் பானைக்கு நடுக்கோடு போட்டு, இடது பாதியை வரைந்து, வலது பாதி அதற்கு இம்மி பிசகாமல் பொருந்துகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். எங்கள் ஊர் வேளார் கையால் வனைந்த பானை எதுவும் அந்தப் பரீட்சையில் பாஸாகியிருக்காது.

இதற்குள் அதே சென்னை ஓவியப் பள்ளி எங்கெங்கோ போய்விட்டிருந்தது. ராய் சௌத்ரி முதல்வராக இருந்து ஒரு தலைமுறைச் சிற்பிகளை உருவாக்கியாயிற்று. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கடற்கரை ஓரமாகச் சோழமண்டலம் என்று கலைஞர்களுக்கே ஒரு கிராமம் அமைத்தாயிற்று. கோடு, குறி, எழுத்து என்று என்னென்னவோ செய்துகொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி 1973 வரை எங்கள் டிராயிங் பீரியடுக்கு வரவில்லை. பிற்பாடும் வந்ததாகத் தகவல் இல்லை.

வகுப்பில் சார் செலவழித்த நேரத்தைவிட வெளியில் செலவழித்தது அதிகம். பள்ளிகளைப் பார்வையிடும் டி.ஐ. இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் பத்து நாள் அவரைப் பார்க்க முடியாது. சுவரில் இந்தியா வரைபடம், காந்தி, திருவள்ளுவர், வாசலில் ‘நல்வரவு’. ஆண்டு விழாவுக்குப் பின்திரை. பின்திரையிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், அதன் முன்னால் கட்டபொம்மன் வசனம் பேசுவான். மற்ற வெள்ளிக்கிழமைகளில் கணக்கு சார் வந்து “போர்ஷன் முடியல” என்று பீரியடைக் கடன் கேட்பார். டிராயிங் சார் கொடுத்துவிடுவார். கணக்கு சாருக்குக் கடன் வாங்கத் தெரியும், கழித்தலும் தெரியும். திருப்பிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

1986-ல் நானே இடைநிலை ஆசிரியரானேன்.

அதற்கு முன்னால் ஆசிரியர் பயிற்சியில் உளவியல் பாடத்தில் ஓர் அம்மாளைப் பற்றிப் படித்தேன். ஃப்ளாரன்ஸ் குட்இனஃப். பெயரே ஒரு கிரேடு மாதிரி: பரவாயில்லை, போதும். 1926-ல் அவர் ஒரு சோதனை வெளியிட்டார். குழந்தையிடம் தாளைக் கொடுத்து ஒரு மனிதனை வரையச் சொல்ல வேண்டும். தலை இருந்தால் ஒரு மார்க்கு, கழுத்து இருந்தால் ஒரு மார்க்கு, கை தோளிலிருந்து கிளம்பினால் ஒரு மார்க்கு, விரல்கள் இருந்தால் ஒன்று, விரல் எண்ணிக்கை சரியாக இருந்தால் இன்னொன்று. இப்படி மொத்தம் 51. படம் அழகாக இருக்கிறதா என்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அந்த 51-ஐ வைத்துக் குழந்தையின் அறிவு வயதைக் கணக்குப் போட்டுவிடுவார். எங்கள் டிராயிங் சார் பிள்ளையை விட்டுவிட்டுப் படத்துக்கு மார்க்கு போட்டார், இந்த அம்மாள் படத்தை விட்டுவிட்டுப் பிள்ளைக்கு மார்க்கு போட்டார். விடுதி அறையில் நானும் ஒரு மனிதனை வரைந்து எண்ணிப் பார்த்தேன். எத்தனை வந்தது என்று சொல்வதாக இல்லை.

என்னுடைய முதல் பள்ளி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். அங்கே ஓவியம் என்ற பாடத்துக்கு ஒரே ஒரு பயன்தான். சத்துணவுக் கணக்கு முடிக்க வேண்டுமென்றால் “எல்லாரும் ஒரு படம் போடுங்க” என்பேன். இருபது நிமிஷம் அமைதி கிடைக்கும். முடிந்ததும் ‘குட்’ என்று போடுவேன். பிறகுதான் தெரிந்தது, ‘குட்’ ஆபத்தான வார்த்தை என்று. ‘வெரி’ ஏன் இல்லை என்று கேட்டு மேசையைச் சுற்றி வரிசை நிற்கும். அடுத்த வாரத்திலிருந்து எல்லோருக்கும் ‘வெரி குட்’. ஒரு மாதத்தில் அதற்கும் மதிப்பிறங்கி, பக்கத்தில் ஸ்டார் கேட்டார்கள். ஸ்டார் கொடுத்தேன். பிறகு இரண்டு ஸ்டார். ரூபாய் நோட்டை இஷ்டத்துக்கு அடித்தால் என்ன ஆகும் என்பதைப் பொருளாதாரம் படிக்காமலே கற்றுக்கொண்டேன்.

2007-ல் செயல்வழிக் கற்றல் வந்தது. பெஞ்சு போனது, பாய் வந்தது. சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கறுப்படித்துப் பிள்ளை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டி, அதில் பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். அதற்குப் பெயர் கம்பிப் பந்தல். மார்க்கு கிடையாது, ஸ்டார் கிடையாது. காற்றடித்தால் நாற்பது சூரியன் தலைக்கு மேல் படபடக்கும். எனக்கு அது உண்மையிலேயே பிடித்திருந்தது. பார்வைக்கு வந்த அதிகாரி மேலே அண்ணாந்து பார்த்தார். எதையும் பார்க்கவில்லை, எண்ணினார். பார்வைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார்: ‘கம்பிப் பந்தலில் படைப்புகள் போதிய அளவில் இல்லை.’ அதிலிருந்து வருகைத் தகவல் கிடைத்தால் முந்தின நாள் சாயங்காலம் பழைய படங்களை அலமாரியிலிருந்து எடுத்துத் தொங்கவிடுவோம். அஞ்சாம் வகுப்பு போய்விட்ட பிள்ளை ஒன்றாம் வகுப்பில் போட்ட யானை மூன்று பார்வைகளைச் சமாளித்தது.

பிறகு 2012. முப்பருவ முறை, தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு. பரீட்சை பயத்தை ஒழிக்க வந்த திட்டம். பிள்ளைகளின் பயத்தை ஒழித்தது, அது வாத்தியார்களிடம் குடியேறியது. வளரறி மதிப்பீடு (அ) 20, (ஆ) 20, தொகுத்தறி மதிப்பீடு 60. மொத்தத்தைக் கூட்டினால் ஏ1-லிருந்து இ2 வரைக்கும் ஒன்பது கிரேடு. ஓவியம், யோகா, மனப்பான்மை, வாழ்க்கைத் திறன் எல்லாம் கல்வி இணைச் செயல்பாடு. அதற்கு ஏ, பி, சி. நாற்பது வருஷமாக மார்க் அட்டையில் இடமில்லாமல் திண்ணையில் கிடந்த ஓவியத்துக்குக் கடைசியில் ஒரு கட்டம் கிடைத்தது. பக்கத்துக் கட்டத்தில் ‘பிறரிடம் அன்பு காட்டுதல்’. அதற்கும் ஏ, பி, சி.

ஒரு பிள்ளைக்கு இத்தனை கட்டம் என்றால் ஒரு வகுப்புக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் படம் வரைகிறபோது அவர்களின் ஈடுபாட்டைக் கவனித்துப் பதிய வேண்டும் என்பது விதி. பதிவதற்குக் குனிந்தால் கவனிக்க முடியாது, கவனித்தால் பதிய முடியாது. அதனால் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர்களின் ஈடுபாட்டைப் பதிவேன். அச்சடித்த பதிவேட்டுத் தாள் வண்டி வண்டியாக வாங்கினோம். மிச்சம் ஒரு கட்டு இன்னும் என் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. ஒரு பக்கம் வெள்ளை, மளிகைக் கணக்கு எழுத வாகாக இருக்கும்.

அந்தக் காலத்தில்தான் என் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். நாலாம் வகுப்பு. ‘நம் ஊர்த் தொழில்’ என்று வளரறி (அ) செயல்பாடு கொடுத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் தொழில் என்றால் வயல், அல்லது பீடி. பெரும்பாலானவர்கள் ஏர் உழவன் படம் போட்டிருந்தார்கள். ஊரில் ஏர் போய் டிராக்டர் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. பாடப்புத்தகத்தில் ஏர்தான் இருந்தது, அவர்கள் புத்தகத்தைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். இந்தப் பிள்ளை மட்டும் தன் அம்மா பீடி சுற்றுவதைப் போட்டிருந்தாள். மடியில் சுளவு, சுளவு நிறைய இலையும் தூளும். அம்மாவுக்குத் தலை நெல்லிக்காய் அளவு. கை மட்டும் சுளவைவிடப் பெரிது. அதில் ஏழு விரல்.

நான் எனக்கென்று ஒரு மதிப்பீட்டு அட்டவணை வைத்திருந்தேன்: தூய்மை, உரிய வண்ணம், உரிய அளவு, கருத்து. பென்சில் படம், வண்ணம் இல்லை. அளவு, பார்க்கவே வேண்டாம். கூட்டிப் பார்த்து ஐந்து போட்டேன். அவள் வானம் வரையவில்லை. அதனால் சிவப்பு ஐந்து அம்மாவின் தலைக்கு மேல் போய் உட்கார்ந்தது.

“எதுக்கும்மா ஏழு விரல்? அம்மாவுக்கு அஞ்சுதானே?”

அவள் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்த மாதிரி இருந்தது. “சும்மா இருக்கறப்ப அஞ்சுதான் சார். எங்கம்மை வேகமா சுத்துதப்ப அப்படித்தான் தெரியும்.”

ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. விளக்கு வைப்பதற்குள் ஆயிரத்தை முடிக்கிற கையை நானும் எத்தனையோ திண்ணைகளில் பார்த்திருக்கிறேன். விரலை எண்ணவில்லை, அவ்வளவுதான். வட்டார வள மையப் பயிற்சியில் யாரோ ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார்கள், விக்டர் லோவன்ஃபெல்டு 1947-ல் எழுதிய புத்தகத்தைப் பற்றி: சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற அளவில் வரைவதில்லை, தங்களுக்கு எது பெரியதோ அதைப் பெரிதாக வரைகிறார்கள் என்று. அதைப் படித்து அடிக்கோடும் போட்டிருந்தேன். அடிக்கோடு போட்டதெல்லாம் பரீட்சைக்குத்தானே. குட்இனஃப் அம்மாளும் ஏழு விரலுக்கு மார்க்கைக் கழித்திருப்பார், எனக்குத் துணைக்கு ஒரு பெரிய ஆள் இருக்கிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் ஆகவில்லை. ஐந்தை அடித்து ஒன்பது போட்டேன். பத்தே போட்டிருக்கலாம். ஏன் ஒன்றைக் குறைத்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. வாத்தியார் கை.

அடுத்த வாரம் ஆசிரியர் பயிற்றுநர் பதிவேடு பார்க்க வந்தார். அடித்தலைக் கண்டுபிடித்துவிட்டார். “மார்க்கத் திருத்துனா பக்கத்துல சுருக்கொப்பம் வேணும் சார். ஆடிட்ல கேப்பாங்க” என்றார். போட்டேன். படம் சான்றாதாரக் கட்டில் சேர்ந்தது. கட்டு பீரோவுக்குப் போனது. பீரோவைக் கரையான் பார்த்துக்கொண்டது.

அதே 2012-ல்தான் பகுதிநேர ஆசிரியர்கள் வந்தார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் ஆள் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொன்னதால், தமிழ்நாடு முழுக்க 16,549 பேர். மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள், மே மாதம் சம்பளம் இல்லை. அப்போது நான் இருந்தது நடுநிலைப்பள்ளி, அதனால் எங்களுக்கும் ஓர் ஓவிய ஆசிரியர் கிடைத்தார். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். ரயில்வே கேட்டில் காத்திருக்கிற ஆட்களை ஐந்து நிமிஷத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பிடித்துவிடுவார். வரைகிற கைகளிலேயே நான் பார்த்ததில் நல்ல கை அதுதான். மீதி நாட்களில் ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பூப்புனித நீராட்டு விழா பேனரில் மாமன்மார்களின் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருப்பார். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் எங்கள் சுவரில் திருவள்ளுவர் போட்டதும் அவர்தான். பிள்ளைகளுக்கு ஏ, பி, சி போடுகிறோமே, கலைக்கு அரசாங்கம் போட்ட கிரேடு என்ன என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். சிரித்தார். “மே மாசம் ஆப்சென்ட் சார்” என்றார்.

இடையில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளுக்கு நிலைகள். கேட்க அழகாக இருக்கும். “என் பிள்ளை இன்னும் மொட்டாவே இருக்கானே சார், பெயிலா?” என்று ஒரு அம்மா வந்து நிற்கும்வரை.

2022-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலைத் திருவிழா. ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்த தலைமை ஆசிரியர் என்பதாலோ என்னவோ, வட்டார அளவில் ஓவியப் போட்டிக்கு என்னையும் ஒரு நடுவராகப் போட்டார்கள். தலைப்பு சுற்றுச்சூழலைப் பற்றி. அறை நிறையப் பிள்ளைகள், எல்லோரிடமும் கலர் பெட்டி, பன்னிரண்டு அல்ல, இருபத்துநாலு. கோவை இலை போன இடம் தெரியவில்லை. நான் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனேன். முதல் படம்: இரண்டு கை, நடுவில் பூமி. இரண்டாவது: இரண்டு கை, நடுவில் பூமி, பூமிக்குக் கண்ணீர். மூன்றாவதில் பூமி பாதி பச்சை, பாதி வெடிப்பு, அடியில் இரண்டு கை. எனக்கு எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. அந்தக் காலத்தில் இரண்டு மலை, நடுவில் சூரியன். இப்போது இரண்டு கை, நடுவில் பூமி. உருண்டை ஒன்றுதான், ஆதாரத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பலகைக்குப் பதில் யூடியூப்.

ஒரு பையன் மட்டும் எங்கள் ஊர் வாய்க்காலைப் போட்டிருந்தான். அதில் மிதக்கிற பிளாஸ்டிக் பையை, பைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு தவளையை. வண்ணம் முடிக்கவில்லை. மூன்று நடுவர்கள் உட்கார்ந்து பேசினோம். ‘முழுமை’ என்று ஒரு தலைப்பு இருந்தது. தவளைக்கு அதில் அடி விழுந்தது. முதல் பரிசு இரண்டு கைக்குத்தான் போனது. நானும் கையெழுத்துப் போட்டேன். பத்து விரலும் சரியாக இருந்தன. எண்ணிப் பார்த்தேன்.

2024-ல் ஓய்வு பெற்றேன். இனி யாருக்கும் கிரேடு போட வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தபோது சென்னையிலிருந்து மகன் போன் செய்தான்.

“அப்பா, பாப்பாவுக்கு ரிப்போர்ட் கார்டு வந்துருக்கு. டிராயிங்ல ‘மலை’ன்னு போட்ருக்காங்க. மலைன்னா நல்லதா, கெட்டதா?”

பேத்தி இரண்டாம் வகுப்பு. அவள் பள்ளியில் மார்க்கு கிடையாது, கிரேடும் கிடையாது. அட்டை ஒரு கல்யாணப் பத்திரிகை கனம். அதில் மூன்று நிலை: ஓடை, மலை, வானம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாங்கள் ஒரே தாளில் போட்டு மார்க்கு வாங்கியதையெல்லாம் பிரித்து எடுத்துத் தனித்தனிக் கிரேடாக்கியிருந்தார்கள். குடிசையையும் தென்னையையும் ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை.

“ஓடைதான் கீழ. வானம் மேல. மலை நடுவுல.”

“அப்போ பி கிரேடா?”

“அப்படியெல்லாம் பாக்கக் கூடாதுப்பா. அது வளர்ச்சி நிலை.”

மறுமுனையில் கொஞ்ச நேரம் அமைதி. மருமகளிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு அவனே கணக்கை முடித்தான். “சரி. பத்துக்கு ஆறு, ஆறரைன்னு வச்சுக்கலாம்.”

அட்டையில் சுயமதிப்பீடு என்று ஒரு பக்கம். பிள்ளை தானே தன்னை மதிப்பிட வேண்டும். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். பேத்தி மூன்றுக்கும் ரைட்டு போட்டிருந்தாள். 1973-ல் அதற்காகத்தான் எனக்கு வசவு விழுந்தது. அடுத்த பக்கம் சக மாணவர் மதிப்பீடு. பக்கத்து இருக்கைப் பிள்ளை எழுதியிருந்தது: ‘என் பிங்க் கலரைத் திருப்பித் தரவில்லை.’ அந்த அட்டையிலேயே முழு நம்பிக்கையோடு படிக்கக்கூடிய வரி அது ஒன்றுதான். கடைசியில் ஆசிரியர் குறிப்பு, அழகுணர்ச்சி வளர்ந்து வருவதாக. நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு அதே வாக்கியத்தை வினையடையை மட்டும் மாற்றி எழுதிய அனுபவம் உள்ளவன் நான். அந்த டீச்சர் ராத்திரி எத்தனை மணிக்கு அதை எழுதியிருப்பார் என்றுகூட என்னால் சொல்ல முடியும்.

மருமகள் ‘மலை’யை லேசில் விடவில்லை. சனிக்கிழமை டிராயிங் கிளாஸ், மாதம் 1,500 ரூபாய். வீட்டுக்கு வருகிற கலை ஒருங்கிணைப்புச் செயல்திட்டங்களை ராத்திரி பதினோரு மணிக்கு சார்ட் பேப்பர், தெர்மாகோல், ஃபெவிகால் வைத்து அவளே செய்து முடிப்பாள். அடுத்த பருவத்தில் ‘வானம்’ வந்தது. யாருக்கு என்பதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை.

மே விடுமுறைக்குப் பேத்தி ஊருக்கு வந்தாள். சாயங்காலம் மொட்டை மாடியில் அவளுக்குத் தாளும் கலர் பென்சிலும் கொடுத்து உட்கார வைத்தேன். எதிரே மலை. வெயில் மஞ்சளாகி, சூரியன் மலை முகட்டுக்கு ஒரு முழம் மேலே நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் போட்டாள். இரண்டு மலை. நடுவில் சூரியன். ஆறு, குடிசை, தென்னை. பறவைகள் பதினொன்று.

“இது உதயமா, அஸ்தமனமாம்மா?”

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள்.

“தெரியல தாத்தா. இதுல நான் டைம் போடல.” பென்சிலைக் கீழே வைத்தாள். “ஸ்டார் குடு.”

சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. ஓய்வு பெற்றும் அது போகவில்லை. எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்தேன். வானம் காலியாக இருந்தது. சூரியனுக்குப் பக்கத்தில் ஐந்து முனை வைத்து, தாராளமாக, பெரிதாக ஒரு ஸ்டார் போட்டேன்.

“ஐயோ தாத்தா!” தாளை வெடுக்கென்று இழுத்தாள். “சூரியன் இருக்கறப்ப ஸ்டார் எப்படி வரும்? படத்தையே கெடுத்துட்டியே. ஸ்டார் எல்லாம் பின்னாடிதான் போடணும்.”

தப்புதான் என்று ஒத்துக்கொண்டு தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். அங்கே ஏற்கெனவே கட்டம் போட்டு அச்சடித்திருந்தது: வரிசை எண், மாணவர் பெயர், வளரறி (அ), வளரறி (ஆ), தொகுத்தறி, தரநிலை, ஆசிரியர் சுருக்கொப்பம்.